முப்பது வெள்ளைக் காடை

காங்கேயம் பக்கம் அர்த்தநாரி அண்ணன் காடைப்பண்ணைக்குப் போனால், கைக்குக் குஞ்சு வருவதற்குள் காது நிறைந்துவிடும். நான் குஞ்சு வாங்கப் போன அன்று எனக்கு முன்னாலேயே மயிலாத்தாள் அக்கா நின்றிருந்தார். காலடியில் ஒரு கூடை நிறைய வெள்ளைக் காடை.

“ஏனுங்ண்ணா, பொட்டைன்னு சொல்லித்தானே முப்பது வெள்ளைக் காடை குடுத்தீங்க? ரெண்டு மாசமாத் தீனி போடறேன், ஒரு முட்டை இல்ல. ஞாயித்துக்கெழம சூப்புக் கடைக்கு நூறு முட்டை தாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இனி அந்தக் கடைவாசல்ல எப்பிடி நிப்பேன்?”

“வெள்ளைக் காடைன்னா சும்மாவா அம்மிணி? கேளு. மொதல்ல பழுப்பையும் வெள்ளையையும் சேத்தேன். குஞ்சுக்கு முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. பனியன் போட்ட காடைன்னு ஊரே பாக்க வந்துச்சு.”

“அது எங்க ஊட்லயே வருமுங்க,” என்றேன்.

“உனக்கு வயித்தோட நின்னுருக்கும் தம்பி. நான் அதோட பேரனத் தங்கக் காடையோட சேத்தேன். றெக்கையில சரிகை பார்டர்! சென்னிமலைத் தறிக்காரங்க வந்து டிசைன வரஞ்சுக்கிட்டுப் போனாங்க. முந்தானை மட்டும் ஒரு தலைமுறை தள்ளி வந்துச்சு. பாட்டன் நெறம் மகன்கிட்ட ஒளிஞ்சிருந்து பேரன்கிட்டத்தான தலைய நீட்டும்?”

“முட்டைங்ண்ணா,” என்றார் அக்கா.

“முட்டைக்குத்தான் வரேன். ஒவ்வொரு பொட்டையும் முட்டையில ஒவ்வொரு மாதிரி புள்ளி வெக்கும். நான் வம்சம் பாத்துச் சேக்கச் சேக்க, புள்ளியெல்லாம் எழுத்தாவே வந்துருச்சு. ஒருத்தி தெனம் தாராபுரம் பஸ் டைம் போடுவா. ஒரு நா அஞ்சு நிமிசம் தப்பு. போய் விசாரிச்சா, பஸ்ஸுதான் லேட்டு!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை, குரலை ஏற்றினார்.

“அப்பறம் வெள்ளையோட வெள்ளை. அதுல வெளுத்தத எடுத்து இன்னும் வெளுத்ததோட. ஏழாந்தலமுறையில நெறமே தீந்து போச்சு, கண்ணுக்கே தெரியல! எறநூறு காடை நிக்கற கூண்டு காலியாத் தெரியும், தீவனம் மட்டும் கொறையும். உன்ற காடையெல்லாம் அந்த வம்சம். முட்டை வெச்சுருக்கும் அம்மிணி, உனக்குத்தான் தெரியல!”

அக்கா குனிந்தார். கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, வாலுக்கடியில் அமுக்கினார். சேவலுக்கு மட்டுமே வரும் வெள்ளை நுரை வந்தது. அடுத்ததிலும் நுரை. முப்பதிலும் நுரை! பழுப்புக் காடையில் நெஞ்சுப் புள்ளியைப் பார்த்துப் பொட்டை என்று சொல்லிவிடலாம். இந்த மனுஷன் புள்ளியே இல்லாத வெள்ளைக்கும் நெஞ்சைப் பார்த்தே கொடுத்திருக்கிறார்.

அக்கா முப்பது பழுப்புப் பொட்டைகள் இருந்த கூண்டைத் திறந்தார். அங்கே கிடந்த காலிக் கூடையில் அந்தப் பொட்டைகள் முப்பதையும் பிடித்துப் போட்டு, இரண்டு கூடைகளையும் தூக்கிக்கொண்டார்.

“அம்மிணி, சேவலையாவது வெச்சுட்டுப் போ! கூண்டு காலியாப் போச்சே!”

“காலின்னு யாருங்ண்ணா சொன்னது?” அக்கா திரும்பாமலே நடந்தார். “உள்ள முப்பது நிக்குது. மறக்காமத் தீவனம் வைங்க.”