வலது விளக்கு

மாசிலாமணி முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வேனுக்குச் சாலை விதிகளை எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதக் கற்றுக்கொள்ள, தர்க்கம் சொல்லித்தரும் அம்சவேணி டீச்சரிடம் ஐம்பத்தைந்து வயதில் மாணவராகச் சேர்ந்தார்.

அன்று மாலை வகுப்புக்கு வந்தவர் நோட்டைக்கூடத் திறக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வேன் ரோட்டுக்கு வருது, டீச்சர். மில்லுக்குப் போற பன்னிரண்டு பேர் ஏறுறாங்க. என் சம்சாரமும் அதுல இருக்கா."

"விதியெல்லாம் சரி பார்த்தாச்சே?"

"கம்ப்யூட்டர் சரின்னுடுச்சு. எனக்குத்தான் ஒரு விதி இடிக்குது. முன்னால போற வண்டி வலது விளக்கு போட்டா வலது பக்கம் திரும்பப்போகுது, இடது பக்கமா முந்தலாம்னு எழுதியிருக்கேன்."

"சட்டப் புத்தகத்துல அப்படித்தானே இருக்கு?"

"லாரிக்காரன் புத்தகமா படிக்கிறான்? எதிர்ல வண்டி வருது, முந்தாதேன்னு சொல்லவும் அதே விளக்கைத்தான் போடுவான். போட்டுட்டு இடது பக்கம் ஒதுங்குவான். வேன் அங்கேதான் போய் நுழையும்."

"வேன் கம்பெனி மேலாளர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'இது எத்தனையாம் பக்கத்துல இருக்கு, அண்ணாச்சி?'ன்னு சிரிச்சார்."

லாரி ஓட்டியவன் பேச்சைக் கேட்க அந்த மேலாளருக்கு என்றைக்குமே நேரம் இருந்ததில்லை.

"ரெண்டு அர்த்தத்தையும் எழுதிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முரண்பாடுன்னு திருப்பி அனுப்புது. எதுதான் நிஜ அர்த்தம், டீச்சர்?"

டீச்சர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தார்.

"வரேன், அண்ணே."

மாசிலாமணி பதறி எழுந்தார். "பதில் சொல்லாமப் போறீங்களே!"

"போறேன்னு யார் சொன்னா? வரேன்னுதானே சொன்னேன்."

"பையை மாட்டி, செருப்பையும் போட்டுக்கிட்டு வரேன்னா, போறதுதானே?"

டீச்சர் சிரித்தபடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

மாசிலாமணி மெல்ல உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். "திரும்புறவன் வேகத்தைக் குறைப்பான். முன்சக்கரம் வளையும்..." என்று முணுமுணுத்தபடியே வேகமாக எழுதினார். பாதியில் பேனா நின்றது.

"அதுவும் தெரியலைன்னா?"

"பின்னாலயே போகட்டும்."

"பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சே சாகடிப்பான். வாயில வந்தபடி திட்டுவான். வேன் ஆமை மாதிரி ஊருதுன்னு மேலாளர் என்னைத் திட்டுவார்."

"திட்டு வாங்கினவங்க சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவாங்க, அண்ணே."