வாலை விட்ட சந்தியாகு

காட்டுக் குளத்தோரம் ஒரு வளைக்குள் திரேசம்மாள் என்றொரு மூஞ்சூறு தன் நான்கு குஞ்சுகளோடு குடியிருந்தாள்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. ஒரு காலையில் குளத்துத் தண்ணீர் வளைக்குள் ஏறிவிட்டது.

"ஆண்டவரே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?" என்று திரேசம்மாள் ஜெபித்தாள்.

'மேற்கே போ' என்றது அவள் உள்ளத்தில் ஒரு குரல்.

"மேற்கே என்றால் எங்கே? எவ்வளவு தூரம்?"

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மழைச் சத்தம்தான் கேட்டது.

"எப்போதும் இப்படித்தான்! ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்புறம் பேச்சே கிடையாது!" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினாள்.

மூஞ்சூறுகளுக்குக் கண் மங்கல். அதனால் மூத்தவள் அம்மாவின் வாலைக் கவ்விக்கொண்டாள். அவள் வாலைச் சந்தியாகு கவ்வினான். அவனுக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். ரயில் மாதிரி வரிசை புதருக்குள் புகுந்தது.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். "அம்மா, எங்கே போறோம்?" என்றான் சந்தியாகு.

கேட்பதற்கு வாயைத் திறந்தான் அல்லவா? அக்காவின் வால் நழுவிவிட்டது! அவனும் தம்பிகளும் திசை தெரியாமல் சேற்றில் நின்று கத்தினார்கள். திரேசம்மாள் ஓடிவந்து மறுபடி கோத்துவிட்டாள்.

"வாயை மூடிக்கிட்டு வா!"

பத்தடி போகவில்லை. "அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" வரிசை மறுபடியும் அறுந்தது.

"அடேய், என் உயிரை வாங்காதே!"

மடைக்குப் பக்கத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று குளத்தின் உயர்ந்த மண்கரைமேல் போனது. மற்றது ஒரே முள். கரைமேல் குருசு என்ற பெருச்சாளி நின்றிருந்தார்.

"திரேசம்மா, இப்படி வா! கரைமேல ஓடினா மேட்டுக்குப் போயிடலாம்! முள்ளுக்குள்ள பிள்ளைங்களை இழுக்காதே!"

அவளுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஆனால் உள்ளத்தில் அந்தக் குரல், 'முள்வழியே போ' என்றது.

"ஏன் ஆண்டவரே? நல்ல பாதை இருக்கிறதே! காரணம் சொல்லும், போகிறேன். இல்லாவிட்டால் நகரமாட்டேன்!" மழையில் நின்றபடியே அவள் வாதாடினாள்.

அந்த நேரம் பார்த்து, "அம்மா, ஏன் நிக்கிறோம்?" என்றான் சந்தியாகு.

வரிசை அறுந்தது. கடைக்குட்டி வழுக்கி மடைத் தண்ணீரில் விழுந்தான்! திரேசம்மாள் பாய்ந்து பிடரியைக் கவ்வி இழுத்துப் போட்டாள். அவள் பொறுமை தீர்ந்துபோனது.

"வழி தெரிஞ்சு நீ என்னடா பண்ணப்போறே? பிறந்ததிலிருந்து ஒரு தடவையாவது உன்னைப் பள்ளத்துல தள்ளியிருக்கேனா? காரணம் சொன்னாத்தான் பிடிச்சுக்குவியா? கூட்டிக்கிட்டுப் போறது யாருன்னு உனக்குத் தெரியாதா?"

சந்தியாகு விசும்பினான். திரேசம்மாள் சட்டென்று அடங்கிப்போனாள். தான் பேசியது தன் காதிலேயே விழுந்தது.

புருஷனைப் பாம்பு விழுங்கிய அன்று, பிள்ளைத்தாய்ச்சியாக நின்ற அவளைக் குளத்தோர வளைக்குக் கொண்டுவந்து சேர்த்தது அதே குரல்தான். அன்றும் அது காரணம் எதுவும் சொல்லவில்லை.

"மன்னியும் ஆண்டவரே" என்றாள். பிள்ளைகளைக் கோத்துக்கொண்டு முள்ளுக்குள் நுழைந்தாள். முள் முதுகைக் கீறியது. அவள் நிற்காமல் நடந்தாள்.

முள்வழி ஒரு சரிவில் ஏறியது. அதில் ஏறி முடிப்பதற்குள் பின்னால் பெரும் சத்தம். மண்கரை உடைந்துவிட்டது! குருசு பெரிய உடம்புக்காரர். தத்தளித்து நீந்திக் கரையேறினார். விரல் நீளக் குஞ்சுகள் என்றால் வெள்ளத்தோடு போயிருக்கும்.

முள்வழி ஒரு பாறையடியில் முடிந்தது. உள்ளே ஈரமே இல்லை. கறையான்கள் மொய்த்தன. பிள்ளைகள் வயிறாரத் தின்றுவிட்டு ஒருவர்மேல் ஒருவராய்த் தூங்கிப்போனார்கள்.

குருசு சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். "இங்கே பாறை இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எங்கே தெரியும், அண்ணாச்சி! கூட்டிக்கிட்டு வந்தவருக்குத் தெரியும். இன்னும் நனையாம உள்ளே வாங்க!" என்று திரேசம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

வாழ்நாளெல்லாம் நம்மை நடத்தும் கர்த்தரிடம் காரணம் கேட்டு வாதாடி நிற்பதைவிட, அவரைப் பிடித்த பிடியை விடாமல் நடப்பதே மேல்.