நுனி அழுது வடிந்த வாள்

"பிடிகிட்ட கண்ணு கூசுது. நுனி அழுது வடியுது தாயி."

ஆறுமுகநயினார் வாளைப் பேச்சித்தாயின் மேசைமேல் கிடத்தினார்.

பேச்சித்தாய் பஜாரில் மைக்செட் பழுது பார்க்கிறவள். அவளுக்கு முப்பத்தொன்று, இவருக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் வயரில் ஈயம் பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள் என்பதால், ஊர் சிரித்தாலும் குரு என்றுதான் சொல்வார்.

நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்த மனைவி வேலம்மாள் எழுந்தால், தசராவுக்குக் காளி வேஷம் கட்டி, தன் கையாலேயே செய்த ஒளிவாளோடு வருவதாக நேர்ந்திருந்தார். அம்மன் தன் பங்கை முடித்துவிட்டாள். வேலம்மாள் எழுந்து, சட்னியில் உப்பில்லை என்று சண்டையும் போட்டாயிற்று. பாக்கி இவர் பங்குதான். இன்று பொழுது சாய வேஷம் கட்டியாக வேண்டும்.

பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கித் தட்டிய வாள். உள்ளே பிடியிலிருந்து நுனிவரை, பொடி விளக்குகள் வரிசையாய்ப் பதித்த எல்இடி ஸ்ட்ரிப். பிடிக்குள் பேட்டரி.

பேட்டரியை மாற்றிப் பார்த்தாராம். அதைவிடப் பெரிதாகப் போட்டும் பார்த்தாராம். உள்ளங்கை பொசுங்கியதுதான் மிச்சம். காளிக்குப் பாதி தூரம்தான் கரண்டு வருமோ என்று கூட வேஷம் கட்டும் தசரா செட்டுக்காரர்கள் வேறு கேட்டுவிட்டார்களாம். சொல்லும்போதே மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயே பாத்துக் குடு."

பேச்சித்தாய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொட்டா அது உங்க நேர்த்தியா, என் நேர்த்தியா அண்ணாச்சி?"

நயினார் வாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் இரண்டு டீ சொன்னாள். பிறகு சாவகாசமாக, வயல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

நயினாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தலை போகிற நேரத்தில் வயல் விசாரணையா? ஆனாலும் உழுது பிழைக்கிற சம்சாரியிடம் வயலைக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? நம்முடையது கடைமடையாச்சே என்று ஆரம்பித்துவிட்டார். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் வழியில் உள்ள வயலெல்லாம் குடித்துவிடும், கடைசி வயலுக்கு வருவது வெறும் ஈரம் என்றார்.

"மடையை இன்னும் கூடத் தொறந்துவிட்டா?"

"முதல் வயல் முங்கும். நமக்கு அப்பவும் ஈரந்தான்."

"போன தடவை மட்டும் எப்படி வெளைஞ்சுது?"

"தனியா ஒரு வாய்க்கா வெட்டுனோம்லா. வழியில ஒரு வயலுக்கும் குடுக்காம, மடையிலேருந்து நேரா கடைசி வயலுக்கு..."

டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

நயினார் டம்ளரை வைத்தார். தடிமனான வயர் இரண்டு எடுத்தார். பேட்டரியிலிருந்து கிளப்பி, குழாயின் முதுகோடு இழுத்து, நேரே ஸ்ட்ரிப்பின் நுனியில் கொண்டுபோய்ப் பற்றவைத்தார். பேச்சித்தாய் தெருவைப் பார்த்தபடி டீயைக் குடித்து முடித்தாள்.

சுவிட்சைத் தட்டினார்.

பிடி எது, நுனி எது என்று தெரியாத வெளிச்சம்.

பொழுது சாய, மேளம் முழங்க, காளி தெருவில் இறங்கினாள். தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வேலம்மாள், அவ்வளவு தூரத்திலிருந்தே வாளின் நுனியைப் பார்த்துவிட்டாள். பிடிமானம் இல்லாமல் எழுந்து நின்று கும்பிட்டாள்.

செட்டுத் தலைவர் ஓடிவந்து, அந்தப் பொண்ணு அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தாள் என்று கேட்டார்.

காளி வாளை இன்னும் உயரத் தூக்கினாள்.

"வயல் எப்படி இருக்குன்னு கேட்டா."