நிக்கல் நீலமான கதை

உலோகங்களும் காற்றுகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மாட்டுத் தொழுவத்தில் அம்மோனியாக்கள் ஆறு பேர் அக்கா தங்கைகளாகப் பிறந்தார்கள். கிட்டே வந்தாலே மூக்கைத் துளைக்கும் நெடி, கண் எரியும். அதனால் யாரும் அவர்களோடு நின்று பேசுவதில்லை. தங்கைகளுக்கு அது பழகிவிட்டது. மூத்தவளுக்கு மட்டும் பழகவே இல்லை.

தொழுவத்துக்குக் கீழே இருந்த சுனையில் நிக்கல் கிடந்தான். மலையில் உறுதியாக இருந்தவனை அமிலம் அரித்து, அவனிடமிருந்து இரண்டு எலக்ட்ரான் முத்துகளைப் பறித்துக்கொண்டு தண்ணீரில் தள்ளிவிட்டிருந்தது. ஆறு நீர்த்துளிகள் சுற்றி நின்று அவனைத் தாங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே அவன் பச்சையாகத் தெரிந்தான்.

ஒரு நாள் மூத்தவள் சுனைக்குப் போய்ச் சற்றுத் தள்ளியே நின்றாள்.

"ஏன் அங்கேயே நிற்கிறாய்?" என்றான் நிக்கல்.

"என் நெடி உனக்கு ஆகாது."

"எனக்கு மூக்கே கிடையாது. வா."

அதுவரை அவளை யாரும் வா என்று கூப்பிட்டதில்லை. சட்டென்று இறங்கினாள். இறங்கிய வேகத்தில் பக்கத்தில் நின்ற நீர்த்துளியின் கையிலிருந்த புரோட்டான் மணியைத் தெரியாமல் பிடுங்கிவிட்டாள். அது நிலைகுலைந்து நிக்கலின் மேலேயே சாய்ந்தது. பாரம் தாங்காமல் அவன் பச்சைச் சேறாக அடியில் போய்ப் படிந்தான். சுனை முழுக்கக் கலங்கியது.

அவள் அழுதுகொண்டே வீடு திரும்பினாள்.

"இனி அந்தப் பக்கமே போகாதே, அக்கா," என்றாள் கடைக்குட்டி.

மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனை அப்படியே போட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது. ஒருத்தியால் தூக்க முடியவில்லை. நீங்களும் வாருங்கள்," என்றாள்.

"இன்னும் மோசமாகிவிட்டால்?"

"ஆனால் ஆகட்டும். பார்க்காமல் விடமாட்டேன்."

தங்கைகள் அவள் பின்னால் பயந்துபயந்துதான் இறங்கினார்கள். ஒவ்வொருத்தியிடமும் ஒரு ஜோடி முத்து கோத்த சரம் இருந்தது. யாரும் தன் சரத்தைக் கைவிடவில்லை; ஒவ்வொருத்தியும் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் சேற்றுக்குள் நிக்கலிடம் நீட்டினாள். அவன் பற்றிக்கொண்டான்.

களைத்துப்போயிருந்த நீர்த்துளிகள், "எங்கள் இடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், தாயி," என்று விலகி வழிவிட்டன.

சேறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நிக்கல் மேலே வந்தான். இப்போது அவன் பச்சை இல்லை. ஊதா கலந்த நீலம். சுனையும் அதே நிறத்தில் தெளிந்து நின்றது.

"வலிக்கிறதா?" என்று மூத்தவள் மெல்லக் கேட்டாள்.

"இல்லை. பிடியை மட்டும் விட்டுவிடாதே."

அன்று முதல்தான், நிக்கல் கரைந்த பச்சை நீரில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் கலங்கிப் பச்சையாகப் படிகிறது; நிறுத்தாமல் மேலும் விட்டால், தெளிந்து நீலமாகிறது.