ஐம்பத்து நாலு கிலோ

ஒரு டயாலிசிஸ் கூடத்தில் ஓர் இயந்திரமும் ஓர் எடை மெஷினும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்திவந்தன. வாரம் மூன்று நாள் அங்கே வருவார் ஆசீர்வாதம். வயது எழுபத்தொன்பது, ஓய்வுபெற்ற தபால்காரர். கூடவே மனைவி ஞானசௌந்தரி.

உடம்பில் வேண்டாத நீர் இல்லாவிட்டால் அவர் எடை ஐம்பத்து நாலு கிலோ என்று முதல் மாதமே டாக்டர் எழுதி வைத்திருந்தார். அதற்கு மேல் இருப்பதெல்லாம் தண்ணீர் என்று இயந்திரம் உறிஞ்சும். ஐம்பத்து நாலு வந்ததும் நிறுத்திவிடும். எட்டு மாதமாக இம்மி பிசகியதில்லை என்று இரண்டுக்கும் தலைகால் புரியாத பெருமை.

ஆசீர்வாதத்தின் சட்டைக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. "அவர் மெலிஞ்சுகிட்டே வர்றார். அவர் மேலேயே கிடக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றது.

எடை மெஷின் சிரித்தது. நம்பர் காட்டத் தெரியாதவன் பேச்சை யார் கேட்பார்கள் என்று மடக்கியது.

இதற்குள் ஆசீர்வாதத்தால் வாசல் கேட் வரைகூட நடக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினார். ஆட்டோவுக்கும் ஊசிக்கும் பென்ஷன் முழுக்கக் கரைந்தது. ஒருநாள் கூடத்தில் வைத்தே மனைவியிடம் சொன்னார்: "போதும்ளா. எனக்கும் மூச்சு வரல, நீயும் ஓய்ஞ்சிட்ட. இன்னையோட நிறுத்திருவோம்."

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சட்டைக்குப் பொறுக்கவில்லை. நர்ஸ் தெரசம்மாள் பக்கத்தில் வரும் நேரம் பார்த்து, வேண்டுமென்றே ஆசீர்வாதத்தின் தோளிலிருந்து சரிந்தது.

நர்ஸ் கண்ணில் எலும்புகள் பட்டன.

"ரெண்டு தடவ பிடிச்சுத் தச்சிட்டேன் சிஸ்டர். இன்னும் தொளதொளன்னுதான் கிடக்கு" என்றார் ஞானசௌந்தரி.

டாக்டர் வந்து பார்த்தார். டயாலிசிஸ் செய்துகொள்ளும் வயதானவர்களுக்குச் சதை கரைவது உண்டு. கரைந்த கணக்குக்குத் தண்ணீர் தங்கி, எடையை அப்படியே காட்டியிருக்கிறது; மூச்சு முட்டியதும் அந்தத் தண்ணீரால்தான். பழைய எண்ணை அடித்துவிட்டு ஐம்பது என்று எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தத் தண்ணீரை இறக்க முடிந்தது. கால் தசை முறுக்கிப் பிடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார் ஆசீர்வாதம். மூன்றாவது வாரம் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கினார். நிறுத்தும் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

எடை மெஷினை வெட்கம் பிடுங்கித் தின்றது. மெல்ல இயந்திரத்திடம் கேட்டது: "தண்ணியை எடுத்துட்டே. கரைஞ்சுபோன அந்த நாலு கிலோ சதையை அவருக்குத் திருப்பிக் குடுத்துடேன்."



"எனக்கு எடுக்க மட்டும்தான் தெரியும்" என்றது இயந்திரம்.