கொள்ளுத்தாத்தாவுக்குப் பெண் தேடிய சகோதரர்கள்

சுரைக்காம்பட்டில் மாசிலாமணி, ஏகாம்பரம், வைத்திலிங்கம் என்று மூன்று அண்ணன் தம்பிகள். தங்கமான மனிதர்கள். ஒன்று சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். கஷ்டமே அதுதான். "பால் பொங்குதா பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை அஞ்சுகம் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது மூவரும் அடுப்பைச் சுற்றி நின்று, "நல்லாப் பொங்குச்சும்மா, கடைசிவரைக்கும் பார்த்தோம்" என்பார்கள்.

அஞ்சுகம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கெட்டிக்காரி. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் அண்ணன்மார்களோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள். மிச்சமிருந்தது தரகர் பொன்னுரங்கம் ஒருவர்தான். அவரும் ஒருநாள் கையை விரித்தார்.

"உங்க பூர்வீகம் எதுன்னே தெரியல. பங்காளி முறை வர்ற வீட்டுக்கு நான் பொண்ணைச் சொல்லிடக் கூடாதில்ல? அந்தக் காலத்துல பட்டணத்துல யார் யார் எந்த வீட்டுல குடியிருந்தாங்கன்னு ஒரு இணையதளம் இருக்காம். உங்க கொள்ளுத்தாத்தா எங்கே இருந்தாருன்னு பார்த்துச் சொல்லுங்க."

"நானே பார்க்கிறேன்" என்றாள் அஞ்சுகம்.

"உன் கல்யாணத்துக்கு நீயே அலையறதா? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று மாசிலாமணி அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவளுடைய லேப்டாப் முன்னால் தம்பிகளோடு உட்கார்ந்தார்.

'இங்கே சொடுக்கவும்' என்றிருந்தது. மாசிலாமணி திரைக்கு நேராக விரலைச் சொடுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. மூவரும் சேர்ந்து சொடுக்கினார்கள். தெருநாய் ஒன்று வாலாட்டிக்கொண்டு வந்தது. அதை விரட்டக் கையை ஓங்கியதில் ஏகாம்பரத்தின் விரல் எங்கோ பட்டு, தளம் திறந்துகொண்டது.

அடுத்து, ஒரு கடவுச்சொல்லை யோசித்து வைத்துக்கொள்ளச் சொன்னது. 'அதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றும் எச்சரித்தது. ஏகாம்பரம் யோசித்து வைத்துக்கொண்டார். உடனே, 'கடவுச்சொல் என்ன?' என்று அதுவே கேட்டது.

"சொல்லுடா" என்றார் மாசிலாமணி.

"மாட்டேன். சொல்லாதன்னு சொல்லிட்டு உடனே கேக்குதுன்னா என்ன அர்த்தம்? ஆழம் பாக்குது."

எவ்வளவு கெஞ்சியும் அவர் வாய் திறக்கவில்லை. நல்லவேளை, கீழே 'விருந்தினராக நுழையலாம்' என்று இன்னொரு வழி இருந்தது. மூவரும் போய்க் குளித்து, சலவை வேட்டி கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து லேப்டாப் முன் வைத்து, அந்த இடத்தைத் தொட்டார்கள். உள்ளே விட்டது.

"மரியாதை தெரிஞ்ச மெஷின்" என்றார் வைத்திலிங்கம்.

பெயரைத் தேடினார்கள். வந்துவிட்டது. குழந்தைவேலு. வயது முப்பத்திரண்டு. வேலை, தெருவிளக்கு ஏற்றுதல். வீடு, ஏழாம் எண், விளக்குச் சந்து. அதோடு நின்றிருந்தால் பிழைத்தார்கள். கடைசியில் 'மணமாகாதவர்' என்றும் போட்டிருந்தது.

வைத்திலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது. "அண்ணே, கொள்ளுத்தாத்தாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"அதனால?"

"அவருக்குக் கல்யாணம் ஆகாம தாத்தா எப்படிப் பொறப்பாரு? தாத்தா இல்லாம அப்பா ஏது? அப்பா இல்லாம..."

மாசிலாமணி மெல்லத் தன் கையைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. "இப்போதைக்கு இருக்கோம். ஆனா ரொம்ப நாள் தாங்காது. முதல்ல அவருக்கு ஒரு பொண்ணைப் பார்க்கணும்."

அடுத்த பஸ்ஸில் பட்டணம் போனார்கள். விளக்குச் சந்து அப்படியே இருந்தது. ஏழாம் எண் வீட்டுக் கதவைத் தட்டியதும், கையில் தோசைக்கரண்டியோடு ஓர் இளைஞன் திறந்தான்.

"இந்த வீட்டுல குடியிருக்கிறது நீங்கதானா?"

"ஆமா."

"வயசு?"

"முப்பத்திரண்டு. ஏன்?"

"கல்யாணம்?"

"ஆகலைங்க."

மூவரும் தடாலென்று அவன் காலில் விழுந்தார்கள். "தாத்தா!"

அவன் பயந்துபோய், தன் பெயர் தினகர் என்றும், மின்வாரியத்தில் வேலை என்றும் சொன்னான். சகோதரர்கள் ஓரமாக ஒதுங்கிக் கலந்துபேசினார்கள்.

"பேரு வேறயா இருக்கே?"

"இத்தனை வருஷம் ஒரே பேரை வெச்சிருந்தா யாருக்குத்தான் சலிக்காது? வேலையைப் பாரு, அதே விளக்கு வேலை. எண்ணெய்க்குப் பதிலா கரண்டு."

மாசிலாமணி கண்ணீரோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கல்யாணம் பண்ணிக்காட்டி நாங்க இல்லாமலே போயிடுவோம். எங்களோட வாங்க. பொண்ணு பார்க்கிறது எங்க பொறுப்பு."

தினகருக்கு அப்பா அம்மா கிடையாது. கல்யாணம் செய்துகொள் என்று இதுவரை யாரும் அவனிடம் சொன்னதே இல்லை. மூன்று பெரிய மனிதர்கள் அழுதுகொண்டே கேட்டதில் மனம் இளகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

சுரைக்காம்பட்டில் கதவைத் திறந்தது அஞ்சுகம். "தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க அண்ணனுங்க கொஞ்சம் அப்படித்தான்" என்று காபி கொடுத்தாள். அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவனும் சிரித்தான். அவன் மட்டும் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

இன்னும் இரண்டு முறை வந்து காபி குடித்தான். பிறகு அஞ்சுகம் அண்ணன்களைக் கூப்பிட்டு, "நான் இவரையே கட்டிக்கிறேன்" என்றாள்.

மூவரும் அதிர்ந்துபோனார்கள்.

"கொள்ளுத்தாத்தாவையா? அப்படி ஒரு முறை உண்டா?" என்றார் மாசிலாமணி.

ஏகாம்பரம் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "அண்ணே, இவ அவரைக் கட்டினா நமக்குக் கொள்ளுப்பாட்டி ஆயிடறா. தாத்தா பொறந்திடுவாரு. நாமளும் தப்பிச்சோம். வெளியில எவளையோ தேடி அலையறதவிட, குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சிடுதே!"

தரகர் பொன்னுரங்கம் தினகரின் பூர்வீகத்தைத் தனியே விசாரித்து, ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தெரிந்ததும் நாள் குறித்தார். கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. அண்ணன்கள் மூவரும் வரிசையில் நின்று தங்கையின் காலில் விழுந்து, "நல்லா இரு பாட்டி" என்றார்கள்.

மறுநாள் மூவரும் அரிசி மண்டி வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மண்டி முதலாளி நேரில் வந்து பார்த்தபோது, பாய் விரித்து வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

"என்னய்யா இது? மூட்டையெல்லாம் லாரியிலேயே கிடக்கு. எப்ப வர்றதா உத்தேசம்?"

மாசிலாமணி படுத்தபடியே பணிவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க முதலாளி. முந்தாநாள்தான் பாட்டிக்குக் கல்யாணம் ஆகியிருக்கு. நாங்க இன்னும் பொறக்கலைங்க."