மரக்கால் பெரியப்பா

கரூர் ஜவுளி முதலாளி வைரவசுந்தரம், தனக்கு வந்த மின்னஞ்சலை ஊழியர்களுக்கு வாசித்துக் காட்டினார். லண்டனில் இறந்த பெரியப்பா ஒருவர் அவருக்கு ஒன்பது கோடி விட்டுப்போயிருக்கிறாராம். வக்கீல் கட்டணம் மட்டும் உடனே அனுப்ப வேண்டுமாம்.

"ஏமாத்து வேலைங்க மொதலாளி" என்றாள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த வேலாத்தாள்.

"அப்படியா? இன்னிக்கே நிரூபி. இல்லேன்னா வேலை கிடையாது!"

"செத்தது மரக்கால் வெச்ச மாசாணம் பெரியப்பாவான்னு எழுதிக் கேளுங்க."

"எங்க வம்சத்துல அப்படி யாருமே இல்லையே!"

"அதனாலதானுங்க."

அரைமணியில் பதில் வந்தது. 'ஆமாம், அவரேதான். மரக்காலும் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.'

ஊழியர்கள் சிரிப்பை அடக்கினார்கள். வைரவசுந்தரம் கூனிக் குறுகிப்போனார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டார்.

வேலாத்தாளும் தலைகுனிந்தாள். "போன வருசம் எனக்கும் ஒரு மாமா செத்தாருங்க. மகள் கல்யாண நகையை வித்து அனுப்பிட்டேன். இன்னும் அவகிட்டச் சொல்லலைங்க."